இடப்பக்கச் சுற்று

செவலைக் குதிரையின் இடது முன்னங்காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கினாள் இளையவள். மற்ற மூன்று குளம்புகளும் சில்லென்று இருக்க, இது மட்டும் கொதித்தது. குறட்டின் வாயை விரித்து லாடத்தின் ஒவ்வோர் ஆணியாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. குதிரை அசையவில்லை. நாலாவதில் வெடுக்கென்று காலைப் பிடுங்கிக்கொண்டது.

அவள் அடித்த ஆணிதான். முந்தாநாள் சாயங்காலம், இதே இடத்தில் குனிந்து நின்று அடித்தது.

லாயத்துக்கு எதிரே இருந்த வீட்டின் முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நாற்பது வருஷம் குதிரைகளைப் பழக்கிய மனிதர், நேற்றுக் காலை செவலையோடு சேர்ந்து விழுந்து கழுத்து முறிந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். அவரை எடுத்துப் போக நாலு மணிக்கு வண்டி வரும். மூன்று மணிக்கே குதிரை டாக்டர் ஊசியோடு வந்துவிடுவார். சாகடிக்கிற ஊசி, செவலைக்கு. ஆளைக் கொன்ற குதிரை தன் லாயத்தில் நிற்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணனும் தலையாட்டிவிட்டான். அம்மாவைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. எந்தக் குதிரைக்கு இருமல் வந்தாலும் தூக்கம் கெடுகிறவள், நேற்றிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "சீக்கிரம் முடிச்சிடுங்க. அதுகிட்ட யாரும் போக வேண்டாம்."

மணி இரண்டரை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் குதிரையோடு ஆணியும் போய்விடும். இளையவள் அப்படியும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நிமிஷம் முழுசாக நினைத்துவிட்டு, தன் முகத்திலேயே காறித் துப்பலாமா என்று இருந்தது அவளுக்கு.

"இங்க என்ன பாப்பா பண்ற? உள்ள எல்லாரும் வந்திருக்காங்க." அண்ணன் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் முதலாளி, கையில் போனோடு.

"அண்ணா, இதை வெளிய கூட்டிட்டு வந்து ஒரு ட்ராட் விடு. கல்தரையில."

"உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? அப்பாவைக் கொன்னதுடி அது!"

"ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் வாயே திறக்கல."

முதலாளி முகத்தைச் சுளித்தார். "இந்த நேரத்துலயாம்மா?"

"அஞ்சு நிமிஷம், ஐயா."

நடக்கும்போது ஒரு குதிரை வலியை ஒளித்துவிடலாம். நாலு காலும் தனித்தனியாக விழுகிற நாலு தட்டு அது. நோகிற காலின் பாரத்தை மற்றவை வாங்கிக்கொள்ளும். ட்ராட் என்கிற ஓட்டத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாக விழும் இரண்டே தட்டு. நோகிற முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலை தானாக மேலே எழும்பிவிடும். "ட்ராட்டுல பொய் சொல்ற குதிரை இன்னும் பொறக்கல" என்பார் அப்பா. எந்தக் குதிரையில் ஏறினாலும் முதலில் ட்ராட்டில் விட்டுப் பார்க்காமல் மேற்கொண்டு ஓட்டவே மாட்டார்.

அண்ணன் எரிச்சலோடு கயிற்றைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தான். நாலடி நடத்திவிட்டு ஓடத் தொடங்கினான். அதே நேரம் முன்னறையிலிருந்து அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"ஓட விடாதடா! டேய், நிறுத்துடா!"

குதிரை ஏற்கெனவே ஓட்டம் எடுத்துவிட்டது. டக்கென்று ஒரு பலத்த தட்டு, அடுத்தது பாதித் தட்டு. ஒவ்வொரு பாதித் தட்டுக்கும் செவலையின் தலை வெட்டி மேலே போனது. குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்குக்கூட அது நொண்டுவது தெரிந்திருக்கும். அண்ணன் நின்றுவிட்டான்.

"ஆணி சதைக்குக் கிட்டத்துல போயிருக்கு" என்றாள் இளையவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் அடிச்ச ஆணி. குதிரை மேல தப்பில்ல."

முதலாளி நம்பவில்லை. "இருக்காதும்மா. நேத்து உங்கப்பா ஏறினப்போ நான் வேலியோரமா நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தேன். உன் வேலையைப் பார்க்கத்தான் வந்தேன். கொஞ்சம்கூட நொண்டலையே."

அவர் பார்த்துத் திருப்திப்பட்டால் லாயத்தின் முப்பது குதிரைகளுக்கும் இனி அவள்தான் லாடம் கட்டுவாள் என்று பேச்சு இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலையா என்று கேட்டவர்கள் முன்னால், அப்பா நடையாய் நடந்து வாங்கிய வாய்ப்பு அது.

"ட்ராட் விட்டாரா, ஐயா?"

முதலாளி யோசித்தார். "இல்ல. நடையிலேருந்து நேரா கேன்டருக்குப் போயிட்டாரு. வலப்பக்கமாவே சுத்தினாரு, அழகாத்தான் போச்சு. அப்புறம் நான்தான்..." அவர் வேலிப் பக்கம் பார்த்தார். "நான்தான் அந்தப் பக்கமும் ஒரு சுத்து காட்டுங்கன்னு கேட்டேன்."

அங்கே இருந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேன்டர் என்கிற வேக ஓட்டம் மூன்று தட்டு. கடைசித் தட்டில் முழுப் பாரமும் ஒரே முன்னங்காலில் தனியாக இறங்கும். வலப்பக்கம் சுற்றினால் அது வலது கால். இடப்பக்கம் சுற்றினால் இடது, ஆணி உறுத்திய கால்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஏறியிருக்கிறார்.

இளையவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

அம்மா விரிந்து கிடந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

"நேத்துக் காலைலயே வந்து சொன்னாரு. பாப்பா ஒரு ஆணியைக் கிட்டத்துல இறக்கிட்டா, இப்போ கழட்டினா முதலாளி பார்த்துடுவாரு, அவரு போனதும் நானே எடுத்துடறேன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு." அம்மாவின் உதடு கோணியது. "நானும் சொல்லல. செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் நகர்ந்தார். "ஊசி வேண்டாம் டாக்டர். நீங்க வர வேண்டாம்." அண்ணன் கயிற்றை அப்படியே கீழே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். தங்கையின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

கயிற்றை அம்மா எடுத்துக்கொண்டாள்.

இளையவள் குனிந்து இடது முன்னங்காலை மறுபடி இடுக்கினாள். மடித்து விட்டிருந்த ஆணி முனையை நிமிர்த்த வேண்டும். குறடு இரண்டு தடவை வழுக்கியது. கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து குளம்பின் மேல் சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"பதறாத. நேரா இழு" என்றாள் அம்மா.

ஆணி வந்தது. முனையில் ஈரம் இருந்தது. அம்மா கையை நீட்டினாள். இளையவள் அதை அவள் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா அதைப் பார்க்காமலே விரல்களை மூடிக்கொண்டாள்.

செவலை காலைத் தரையில் வைத்தது. கொஞ்ச நேரம் குளம்பு நுனியில் மட்டும் ஊன்றி நின்றது. பிறகு மெல்ல மெல்ல முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்கியது.