நாலாம் வகுப்புக்கு வந்த அசதி

கேள்விகளை உரக்க வாசிக்க ஆள் வேண்டும் என்று எவந்தியா கேட்டதும், பள்ளிக் காவலாளி பரஸ்கெவாஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்து நின்றான். காலமெல்லாம் சுவருக்குச் சாந்து பூசி, முதுகு போன பிறகு மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்றவன். கிரேக்க நாட்டு வோலோஸ் ஊரிலேயே தன்னைப்போல நிதானமாக வாசிப்பவன் கிடையாது என்று அவனுக்கு நினைப்பு. நிதானம் உண்மைதான். வேகமாக வாசிக்க அவனுக்கு வராது.

'ஆம்', 'இல்லை' என்று குறிக்கவைத்துப் பிள்ளைகளின் குணத்தை அளக்கும் இங்கிலாந்துக் கேள்விகளைக் கிரேக்க மொழிக்குக் கொண்டுவந்தவள் ஆராய்ச்சி மாணவி எவந்தியா. அவை இந்தப் பிள்ளைகளிடம் எடுபடுமா என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

"டீச்சர் இருந்தா நல்ல பிள்ளை வேஷம் போடுதுங்க. நான் நின்னா புதுசா இருக்கேன்னு என்னையே பாக்குதுங்க. நீங்க தெரிஞ்ச முகம் அண்ணே. கேள்வியை மட்டும் வாசிங்க, வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

"நான் எதுக்கும்மா பேசப்போறேன்?"

கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனான். தினமும் 'மாமா' என்று கூப்பிடும் பிள்ளைகள் அன்று 'சார்' என்றன. போதாதா? வரிமேல் விரல் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி வாசித்தான்.

"கூட்டமும் கும்மாளமும் உனக்குப் பிடிக்குமா?"

சொன்னபடி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

மத்தியானம் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எவந்தியா கண் கலங்கியிருந்தாள்.

"என் மொழிபெயர்ப்பு வெறும் குப்பை அண்ணே. மொத்த வகுப்புக்கும் ஒரே குணம் வருது. கூட்டம் ஆகாது, ஓடியாட ஆகாது, சும்மா தனியா உக்காந்திருக்கணுமாம். ஒம்பது வயசுப் பிள்ளைங்களா இதுங்க? பேராசிரியர் தூக்கி எறிஞ்சிடுவார்."

கேட்கக் கேட்க, யாரோ தெரிந்த ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது அவனுக்கு. முற்றத்தில் எள் ரொட்டி தின்றுகொண்டிருந்த மிர்த்தோவைப் பிடித்தான். முன் பெஞ்சுக்காரி.

"ஏண்டி, உன் பொறந்தநாள் விருந்துல நாற்காலி உடைய ஆடினவ நீ. கூட்டம் பிடிக்காதுன்னு போட்டியா?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க!"

"நான் எங்கடி சொன்னேன்?"

மிர்த்தோ புருவத்தைத் தூக்கி, மோவாயை மேலே வெட்டி, நாக்கைத் தட்டினாள். "த்ச்!"

ஊரே 'இல்லை' சொல்லும் விதம் அது. ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துவிட்டு, தன்னைத்தான் கேட்டதுபோல, அவன் தலையே பதில் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதியிருக்கின்றன.

பேசாமல் இருந்துவிடலாம். படித்தவன் என்ற பேர் மிஞ்சும். அந்தப் பெண்ணின் உழைப்பு குப்பைக்குப் போகும். துடைப்பம் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, உள்ளே போய்ச் சொல்லிவிட்டான்.

எவந்தியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப இது உங்க குணமா அண்ணே?"

"ஆமாம்மா. வாசிக்கத் தெரியுங்கிற திமிரு மட்டும் இதுல விட்டுப்போச்சு, சேத்துக்கோ."

"நாளைக்குப் புதுத் தாள் தரேன். நீங்களே வாசிங்க. தலையை மட்டும் பிடிச்சு வச்சுக்கங்க."

மறுநாள் மோவாயை அடக்கி, கம்பளித் துண்டால் உச்சந்தலையோடு இறுகக் கட்டிக்கொண்டு போனான். புதுத் தாள், சீவிய பென்சில், அத்தனை கண்ணும் அவன்மேல்.

"சார், பல்வலியா?" என்றாள் மிர்த்தோ.

துண்டையும் மீறி மோவாய் மேலே போனது.

அத்தனை பென்சில்களும் ஒன்றாகக் குனிந்து 'இல்லை' என்று குறித்தன.