மெதுவாக ஆறும் எஃகு

அவன் மனைவி இறந்த பிறகு அவர்களுடைய படுக்கையறை ஆறவே இல்லை. ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும், வெளியே மழை கொட்டினாலும், பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் விரல்களைக் கடித்தாலும், அந்த ஓர் அறை முப்பத்தேழு டிகிரியில் நின்றது. முதலில் கண்டுபிடித்தது மாமியார். ஜன்னல் விளிம்பில் மறந்து வைத்துவிட்டுப்போன டீயை அவள் மறுநாள் மதியம் எடுத்தபோது கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் குறைச்சல் என்று சொன்னாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். மகள் காய்ச்சலில் போனவள். ஆனால் அறை காய்ச்சல் சூட்டில் இல்லை. குணமாகி எழுந்து உட்கார்ந்தவளின் சூட்டில் இருந்தது.

அந்தச் சூடு அவனுக்கு மட்டும் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அந்த அறைக்குள் நுழைந்ததும் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார்கள், முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். அவன் ரயில் நிலையத்தில் நிற்பவனைப் போல நடுவில் நின்றான். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, விரல் நுனிகளில் ஊசி குத்திப் பார்த்து, நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சாப்பாடு, தூக்கம், செருப்பில் ஏறிய முள், எல்லாம் அவனுக்கு ஒரே அளவில் வந்தன. ஆகவே தான் வேலைபார்க்கும் எஃகுத் தொழிற்சாலையிலிருந்து பழைய உலை வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். உணர்கம்பி அறைக்குள், முள் ஓடும் வட்டத்தட்டு கூடத்துச் சுவரில். தினமும் வேலைக்குப் போகுமுன் அதைப் பார்ப்பான். முள் முப்பத்தேழில் நிற்கும். அவள் இருக்கிறாள் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அந்த முள்தான்.

தொழிற்சாலையில் அவனுக்கு டிகிரி என்று பெயர். பட்டம் வாங்கி வந்தவன் என்று கிண்டலாக வைத்தது. எந்நேரமும் சூட்டை அளந்துகொண்டு அலைந்ததால் நிலைத்துவிட்டது. எஃகைக் காய்ச்சுவதும் ஆற்றுவதும் அவன் பொறுப்பு. அந்தத் தொழிற்சாலை ஒரு காலத்தில் சாக்கடை மூடிகள் வார்த்துக்கொண்டிருந்தது. எடைக்கு விற்கிற இரும்பில் என்ன மிஞ்சும், குணத்துக்கு விற்கவேண்டும் என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து பழைய இரும்பைத் தரம் பிரித்து உருக்கி, குரோமியம் இவ்வளவு, மாலிப்டினம் இவ்வளவு, வனேடியம் ஒரு சிட்டிகை என்று சேர்த்து, வால்வுக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, சுழல்தண்டுக்கு ஒன்று எனத் தனித்தனி ரகங்கள் செய்யத் தொடங்கினார்கள். கடைசியாக முதலாளி அச்சு எஃகில் கை வைத்தார். உருகிய அலுமினியத்தை நாள் முழுக்க ஊற்றினாலும் வாய் பிளக்காத அச்சுகளுக்கான எஃகு அது. அதற்காகவே இரண்டாவது உலையும் பெரிய சம்மட்டி இயந்திரமும் வந்தன. சம்மட்டிக் கூடத்தின் பின்சுவரும் டிகிரியின் படுக்கையறைச் சுவரும் ஒரே சுவர். சம்மட்டி அடிக்கும்போதெல்லாம் அவன் மனைவியின் கண்ணாடி மேஜையில் சீப்பு நடந்துபோகும்.

அச்சு எஃகு உருகியது, வார்ந்தது, அடிக்கு இணங்கியது. ஆறும்போதுதான் கெட்டது. அடித்துச் சதுரமாக்கிய சிவந்த கட்டியின் வெளிப்புறம் முதலில் ஆறி இறுகும். உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில் கட்டி பிளந்துவிடும். கண்ணாடித் தம்ளர் உடைவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒரு மாத வேலை மறுபடி பழைய இரும்பு. சாம்பல் குழியில் புதைத்தார்கள், சுண்ணாம்பில் புதைத்தார்கள், உலைக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தார்கள். சில கட்டிகள் நல்லபிள்ளையாக ஆறி, லாரியில் ஏற்றும்போது பிளந்தன. வாங்குபவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறையும் இப்படி ஆனால் சம்மட்டியை நிறுத்திவிடுவதாகவும், சம்மட்டிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் முதலாளி குரலை உயர்த்தாமல் அறிவித்தார். சம்மட்டியின் கைப்பிடியைப் பிடித்தவன் டிகிரியின் மச்சான், இறந்தவளின் தம்பி.

அவன்தான் வாயைவிட்டவன். பிளந்த கட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, “எங்கக்கா ரூம்ல டீயே ரெண்டு நாளா ஆறல. இதையும் கொண்டுபோய் அங்க படுக்க வெச்சா என்ன?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம், டிகிரி ஆய்வுக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து, தலையணை அளவுக் கட்டி ஒன்றைச் சாம்பலில் மூடித் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அம்மாக்காரி கதவைப் பிடித்துக்கொள்ள, கட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு, தரையில் நான்கு செங்கல் வைத்து அதன்மேல் இறக்கினான்.

டிகிரி வீட்டுக்கு வந்தபோது முள் அறுநூறைத் தாண்டி நின்றது. அவன் தட்டை விரலால் தட்டிப் பார்த்தான். முள் இறங்கவில்லை.

“திட்டறதுன்னா திட்டிருங்க மாமா,” என்றான் மச்சான், கதவை மறித்து நின்றுகொண்டு. “ரெண்டு அறை விடணும்னாலும் விடுங்க. கதவை மட்டும் திறக்காதீங்க. காத்து பட்டா போச்சு.”

“தெரியும்,” என்றான் டிகிரி.

அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மச்சானை விலக்கிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டான். உள்ளே இருப்பது மனைவியின் அறை என்பதைவிட, உள்ளே எஃகு ஆறிக்கொண்டிருக்கிறது என்பதற்குத்தான் அவன் கை கட்டுப்பட்டது. இதை அவன் கவனித்தான். வருத்தமோ வெட்கமோ வரவில்லை. கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.

முள், மாடிப்படி இறங்கும் நிறைமாதக்காரியைப் போல, ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று இறங்கியது. முப்பத்தேழுக்கு வந்ததும் கதவைத் திறந்தார்கள். சுவர்ச் சுண்ணாம்பு பொரியவில்லை. அலமாரியில் அவள் துணிகள் மடித்தது மடித்தபடி இருந்தன. நடுவில் போட்டிருந்த அந்துருண்டைகள்கூடக் கரையவில்லை. கட்டியை எடுத்துப்போய் ஒலியலை அனுப்பிச் சோதித்தார்கள். மேல் முதல் அடி வரை ஒரு கீறல் இல்லை. மச்சான் அந்தக் கட்டிக்கு முத்தம் கொடுத்தான், உதட்டில் கரி.

அன்று மாலை முதலாளி வந்தார். அறைக்குள் போய், அவள் கண்ணாடி மேஜை முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்தார். பிறகு கூடத்துக்கு வந்தார்.

“தம்பி, வீட்டைக் கேக்கல. ஒரு ரூமைத்தான் கேக்கறேன். உங்களுக்கு வேற வீடு தரேன். பெரிசா, காத்தோட்டமா.”

“வேண்டாம் சார்.”

“வேண்டாம்னா? வீடு வேண்டாமா, ரூம் தரமாட்டீங்களா?”

“ரெண்டும்.”

முதலாளி தண்ணீர் வாங்கிக் குடித்தார். “அப்ப சம்மட்டிக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்கற தெம்பு இல்ல,” என்று தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மாமியார் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் பாதி சாப்பிட்டதும் கேட்டாள்: “எதுக்கு மாப்பிள்ள பிடிவாதம்? ரூமுக்கு ஒண்ணும் ஆகலையே.”

“ரூமுக்கு ஆகலை அத்தை. ஒரு கட்டி எடுத்தா அடுத்த கட்டி வைப்பாங்க. ஒருநாளும் காலியா இருக்காது. முள்ளு எஃகுச் சூட்டைத்தான் காட்டும். அவ இருக்காளா, போயிட்டாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் இறந்த பிறகு அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. மாமியார் ரசம் ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள்.

“உங்களுக்குத் தெரியலேன்னா எங்களுக்கும் தெரியாமப் போயிருமா?” என்றாள். “இன்னொரு கட்டி வைக்கச் சொல்லுங்க. நான் உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“ஆள் போகக்கூடாது அத்தை. வெந்துருவீங்க.”

“எம்பொண்ணு ரூம்ல நான் வேகறதா?”

இரண்டாவது கட்டி ஆள் இடுப்புயரம். அது சிவப்பாக உள்ளே போனபோது மாமியாரும் கூடவே போனாள். கதவைச் சாத்தினார்கள். மச்சான் வாளி நிறையத் தண்ணீரோடு நின்றான். டிகிரி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எழுநூற்றில் நின்றது. சோறு வேகிற நேரம் கழித்து அவள் கதவை ஒரு சாண் திறந்து பக்கவாட்டில் வெளியே வந்தாள். தலைமுடி ஒன்றும் கருகவில்லை, நெற்றியில் வியர்வை. ஒரு சாண் கதவு வழியாகப் போன காற்றில் கட்டி பிளந்துவிடுமோ என்றுதான் டிகிரிக்கு முதலில் தோன்றியது.

“இரும்புச் சூடு மூஞ்சில அடிக்குது,” என்றாள் மாமியார். “அவளோடது முதுகுல இருக்கு. சின்னதுல எம்முதுகுல ஒட்டிக்கிட்டுத் தூங்குவா, அந்த மாதிரி. ஒண்ணோட ஒண்ணு கலக்கவே இல்ல.”

“நிச்சயமா?”

“பெத்தவகிட்ட கேக்கற கேள்வியா இது?” என்று சொல்லிவிட்டு மகனிடமிருந்து வாளியை வாங்கி முகம் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் அவன் முதலாளியிடம் போய், சுவரை இடித்துக்கொள்ளலாம் என்றான்.

சம்மட்டிக் கூடத்திலிருந்து நேராக அறைக்குள் தண்டவாளம் போட்டு, இரும்புக் கதவு வைத்தார்கள். கட்டிலும் அலமாரியும் கண்ணாடி மேஜையும் போக இரண்டு கட்டிகளுக்குத்தான் இடம் இருக்கும் என்று அளந்து சொன்னார்கள். ஆறாவது கட்டியும் போனது. யாரும் மறுபடி அளக்கவில்லை. மூன்றாவது தவணை எஃகு ஒரு கீறலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது, நான்காவதும் போனது. அடுத்த வருடம் மூன்றாவது உலை வந்தது. அதற்கடுத்த வருடம் உருகிய எஃகிலிருந்து வாயுவை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடக் கலம் வந்தது. சம்மட்டி போய், வீடளவு உயரமுள்ள அழுத்து இயந்திரம் வந்தது. மச்சான் அதன்மேல் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, தொப்பை போட்டு, சூப்பர்வைசர் ஆனான். போட்டிக் கம்பெனி ஒன்று விஷயத்தை மோப்பம் பிடித்து, அதே அளவில் அறை கட்டி, அதே நிறத்தில் சுண்ணாம்பு அடித்து, கட்டிலும் அலமாரியும் வாங்கிப் போட்டது. அவர்கள் எஃகு பிளந்தது. சுவர் எத்தனை அங்குலம் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள், ஒளிக்காமல் சொல்லியனுப்பினார்கள். வேலைக்காரர்கள் அதை அக்கா ரூம் என்றார்கள். செய்முறைத் தாளில் உருக்குதல், வார்த்தல், அடித்தல் என்பதற்குக் கீழே ‘அக்கா ரூமில் ஆறும் வரை’ என்று அச்சடித்தே வந்தது.

டிகிரி கூடத்திலேயே படுத்தான். இரண்டு மூன்று இடங்களிலிருந்து பெண் பார்க்கச் சொன்னார்கள். பார்க்கலாம் என்று சொல்லிப் பார்க்காமல் இருந்தான். முள் ஒரு வருடம் உச்சியிலேயே கிடந்து, ஒருநாள் தட்டிலிருந்து கழன்று விழுந்தது. வேறு மாட்டவில்லை. வேலை முடிந்து வந்ததும் மாமியாரிடம், “எப்படி இருக்கா?” என்பான். “இருக்கா,” என்பாள் அவள், அரிசி களைந்துகொண்டே. இடுப்பு எலும்பு தேய்ந்து அவள் மகன் வீட்டோடு போன பிறகு, அறையிலிருந்து வெளியே வருகிறவர் யாரானாலும் அவரிடம் கேட்டான். கிரேன்காரர், தண்டவாளத்தைப் பெருக்குகிறவர், பல்பு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன். “இருக்காங்க சார்,” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அவர்கள் டீ குடிக்கப் போவார்கள். அவனும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். ஒருநாளாவது தனக்கே தெரியுமா என்று சில தடவை உள்ளே போய் நின்றான். தெரியவில்லை. அதற்காகப் போவதைப் பிறகு நிறுத்திக்கொண்டான்.

மின்நிலையங்களுக்கு டர்பைன் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று எஃகு கேட்டபோது, முதலில் தன் ஆய்வாளரை அனுப்பியது. அந்த ஊருக்கே புதியவர், மெலிந்த மனிதர், சிரிப்பைச் சிக்கனமாக வைத்திருந்தவர். பழைய இரும்புக் குவியலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, கடைசியில் இரும்புக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இங்க டெம்பரேச்சர் எப்படிக் கண்ட்ரோல் பண்றீங்க?”

“பண்றதில்ல,” என்றான் டிகிரி.

“ரெக்கார்டு?”

“இல்ல.”

“என்ன சார் இது, எதை வெச்சு நான் கையெழுத்துப் போடறது?” என்று அவர் சத்தம் போட்டார். கூண்டிலிருந்த மச்சான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. அவரே, நான் பார்க்கிறேன் என்று இரும்புக் கதவிலேயே ஆள் நுழைய வைத்திருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். உள்ளே ஏழு கட்டிகள் மங்கிய சிவப்பில் நின்றிருந்தன.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். திரும்பி நின்று, இரண்டு கைகளாலும் கதவை மெல்ல இழுத்து, தாழ் ஓசைப்படாமல் விழும்படி விரலைக் கொடுத்துப் பிடித்துச் சாத்தினார். படுத்திருப்பவரை எழுப்பிவிடக்கூடாது என்று அறையைவிட்டு வருகிறவர் அப்படித்தான் சாத்துவார்.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கிசுகிசுத்தார்.

“இங்க,” என்றான் டிகிரி. அவன் குரலும் தாழ்ந்திருந்தது.

அந்த மாதமே ஆர்டர் வந்தது. நான்காவது உலைக்குக் கடைக்கால் தோண்டினார்கள்.