மாப்பிள்ளையைச் சேற்றில் இறக்கும் திட்டம்

கடலை முழுமையாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவன் செய்யக் கூடாத ஒரே காரியம், கடலில் போவது.

அட்மிரல் இந்தக் கருத்தை வெளியிட்டபோது ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் ஸ்டேப்ளரும் வைத்திருந்தார். எதிரே புதிதாகக் கல்யாணமான ஜோடி உட்கார்ந்திருந்தது. "நீங்க அந்தத் தீவுக்கெல்லாம் போயிருக்கீங்களா சார்?" என்று அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில்.

"டாக்டர் எல்லா வியாதியும் தனக்கு வந்து பார்த்துட்டா வைத்தியம் பண்றாரு?" என்று அட்மிரல் தொடர்ந்தார். "நேர்ல போறவன் கண்ணுக்கு ஒரு அலைதான் தெரியும். எனக்கு இங்கேருந்து மொத்தக் கடலும் தெரியும்."

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது எதிர்க்கடையின் பின்சுவரும் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்புறமும்தான். ஆனால் ஜோடி மயங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது.

அட்மிரல் கடற்படையில் இருந்தவர் அல்ல. பயண ஏற்பாட்டு அலுவலகம் ஒன்றில் தீவுப் பயணங்களுக்குத் திட்டம் போடுகிறவர். எந்தத் தீவுக்கு எந்தப் படகு, எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது என்று எல்லாமே அவர் மேசையில்தான் முடிவாகும். படகில் மட்டும் அவர் கால் வைத்ததில்லை. ஒரே ஒரு முறை, துறைமுகத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த படகு உணவகத்தில் அலுவலக விருந்து நடந்தது. சூப் வருவதற்கு முன்பே அவரைக் கைத்தாங்கலாகக் கரையேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் காலை, எதிர் மேசையில் டிக்கெட் போடும் அக்கா வைத்த பெயர்தான் அட்மிரல். கிண்டலாக வைத்தது. அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

அவருடைய ஆயுதம் சுவரில் ஒட்டியிருந்த ஓர் அட்டவணை. துறைமுகத்தில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அச்சிட்ட தாள். வெளித்தீவுகளில் சரியான படகுத்துறை கிடையாது. தண்ணீர் ஏறியிருந்தால் படகு மணலை முட்டி நிற்கும், செருப்பு நனையாமல் இறங்கலாம். வற்றியிருந்தால் படகு தூரத்திலேயே நின்றுவிடும், மீதி வழி சேற்றில் நடை. ஆகவே அட்டவணையில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து, அதற்குத் தோதாகப் படகு போடுவது அட்மிரலின் முறை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத முறை.

இருந்தும் போய்வந்தவர்கள் சேறு, சேறு என்று புலம்பிக்கொண்டே இருந்தார்கள். முழங்கால் வரை சேறு. பெட்டிக்குள் சேறு. ஒரு பெரியவர் ஒற்றைச் செருப்போடு அலுவலகத்துக்கே வந்து, மற்றது மூன்றாம் தீவில் இருப்பதாகத் தெரிவித்தார்.

"படகுக்காரன் சோம்பேறி, லேட்டா எடுக்குறான்," என்பார் அட்மிரல். "இல்லேன்னா இவங்க ஏறும்போதே தூங்கியிருப்பாங்க."

"ஒரு தடவை நீயே போய்ப் பார்த்துட்டு வந்துடேன்," என்பாள் டிக்கெட் அக்கா.

"காசு குடுத்துட்டுப் போய் வாந்தி எடுக்குறதுக்கு உங்க மாதிரி ஆளுங்க இருக்காங்கக்கா. எனக்கு மூளை இருக்கு."

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

அலுவலகத்தின் மூலையில் கண்ணாடி அறை ஒன்று உண்டு. தீவுப் பிரிவு மேலாளருக்கென்று கட்டியது. மேலாளர் என்று யாரையும் போடாததால் அதில் பழைய கணினிகளும் ஒரு கிழிந்த விளம்பரப் பலகையும் குடியிருந்தன. "அந்த ரூம் உனக்குத்தான் தம்பி, கொஞ்சம் பொறு," என்று முதலாளி பல முறை சொல்லியிருந்தார். அட்மிரலும் பொறுத்தார். நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்பது வரை முடிவு செய்துவிட்டுப் பொறுத்தார்.

முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மணமகன் வேலை கற்றுக்கொள்ள அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். பிறகு காவலாளி, கணக்கர், தேநீர் கொண்டுவருகிறவர் என்று எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆனார். வந்த முதல் வாரம் அட்மிரலின் கோப்பையில் காபி குடித்தார். இரண்டாம் வாரம் அட்மிரலின் நாற்காலியிலிருந்த முதுகு மெத்தையைத் தன் நாற்காலிக்குக் கொண்டுபோனார். அதற்கடுத்து, அட்மிரல் மாதக்கணக்கில் உருவாக்கிய தீவுப் பயணத் திட்டத்தின் முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி மாமனாரிடம் காட்டினார்.

"டீம் எஃபர்ட்தான ப்ரோ," என்றார் பிறகு, அட்மிரலின் தோளில் தட்டி.

அட்மிரல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த டிக்கெட் அக்கா அன்று சாப்பாட்டை வேறு மேசையில் வைத்துச் சாப்பிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் நிறுத்திவைத்து அறிவித்தார். குடும்பத்தோடு தீவுகளைச் சுற்றிவரப் போகிறார். முதலாளியம்மா, மகள், மாப்பிள்ளை எல்லோரும். "பிளான் முழுக்க மாப்பிள்ளை பொறுப்பு. நம்ம கஸ்டமருக்குச் செய்யற மாதிரி எங்களுக்குச் செய்யட்டும். நல்லபடியா போயிட்டு வந்தா, தீவுப் பிரிவை அவர் கையில குடுத்துடலாம்னு இருக்கேன்." சொல்லும்போது கண்ணாடி அறையைப் பார்த்தார். அட்மிரலைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாப்பிள்ளை நேராக அட்மிரலிடம் வந்தார்.

"ப்ரோ, ஒரு சின்ன ஹெல்ப். இந்தத் தீவு, படகு எல்லாம் எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்களே போட்டுடுங்க. பேரு மட்டும் நம்மளது இருக்கட்டும்."

"உங்க பேரு இல்லாமலா மாப்பிள்ளை?" என்றார் அட்மிரல். "எல்லாப் பக்கத்துலயும் உங்க பேரைப் போட்டுடறேன். தடிமனா."

மாப்பிள்ளை நெகிழ்ந்துபோனார். மெத்தையைத் திருப்பித் தரும் அளவுக்கு நெகிழவில்லை.

அன்று பிற்பகல் அட்மிரலைப் போல ஈடுபாட்டோடு வேலை பார்த்த அரசு ஊழியரோ தனியார் ஊழியரோ உலகில் இருக்க முடியாது. அட்டவணையின் முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தண்ணீர் அடியோடு வற்றும் நேரங்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்தார். ஒவ்வொரு தீவிலும் படகு சரியாக அந்த நேரத்தில் போய்ச் சேரும்படி புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டார்.

டிக்கெட் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன அட்மிரல், எல்லாம் தலைகீழா இருக்கு?"

"தலைகீழாத்தான் இருக்கணும்."

"மாப்பிள்ளை வெள்ளை ஷூ போடற ஆளாச்சே."

"தெரியும்க்கா."

"சக்கரம் வச்ச பெட்டி. அதுவும் பெரிசு."

"ரெண்டு பெட்டி," என்றார் அட்மிரல் பக்தியோடு.

"முதலாளியம்மாவுக்கு முட்டி வலி இருக்கேப்பா. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அட்மிரல் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தது போலத்தான் இருந்தது. "அவங்களைத் தூக்கிட்டுப் போகணும்ல. யாரு தூக்குவா? மாப்பிள்ளைதான் தூக்கணும். மாமனார் பின்னாடியே நின்னு பார்ப்பாரு." மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டார்.

அறைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைசித் தீவு விடுதியில் ஜெனரேட்டருக்கு ஒட்டினாற்போல ஓர் அறை இருந்தது. விடுதிக்காரரே அதை யாருக்கும் தருவதில்லை. அட்மிரல் போன் போட்டு, மன்றாடி, அதை வாங்கினார்.

"வேற நல்ல ரூம் இருக்கு சார்," என்றார் விடுதிக்காரர்.

"வேண்டாம். அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

மாப்பிள்ளை திட்டத்தை வாங்கி, அட்டையில் தன் பெயரைப் பார்த்தார், திருப்தியடைந்தார், மூடினார். உள்ளே ஒரு வரியும் படிக்கவில்லை. குடும்பம் கிளம்பியது.

முதல் படகு வெளித்தீவை அடையவிருந்த காலையில் அட்மிரல் புதுச் சட்டை போட்டு வந்தார். முதலாளியின் மகள் அலுவலகக் குழுவில் படங்களைப் போடுவாள் என்று தெரியும். போனை மேசை நடுவில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றபோது, "அரை மணி நேரம் கழிச்சு வாங்க, ஒரு சாவு விஷயம்," என்று அனுப்பிவிட்டார்.

படம் வந்தது. முதலாளி மணலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் படகு, கரையை முட்டியபடி. பக்கத்தில் மாப்பிள்ளை. வெள்ளை ஷூ, வெள்ளையாகவே.

"பழைய படமா இருக்கும்," என்றார் அட்மிரல்.

மறுநாள் அடுத்த தீவு. முதலாளியம்மா படகிலிருந்து ஒரே எட்டில் இறங்கி நின்றார். அதற்கும் மறுநாள் கடைசித் தீவு. மாப்பிள்ளை இரண்டு பெட்டிகளையும் இரண்டு கையால் உருட்டிக்கொண்டு போகும் வீடியோ, பின்னணி இசையோடு. ஒவ்வொரு கரையிலும் தண்ணீர் ததும்பி நின்றது. அட்மிரல் போனைத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"ஜெனரேட்டர் இருக்குல்ல," என்று டிக்கெட் அக்கா ஆறுதல் சொன்னாள்.

அன்று மாலையில் அதுவும் வந்தது. தீவு முழுக்க மின்சாரம் போயிருந்தது. ஜெனரேட்டருக்கு ஒட்டிய அறையில் மட்டும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற விருந்தினர்கள் போனுக்குச் சார்ஜ் போட அங்கே வந்து கூடியிருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளை, எல்லோருக்கும் இடம் ஒதுக்கிக்கொடுத்துக்கொண்டு. கன்னத்தில் கொசு கடித்த தடிப்பு ஒன்று இருந்தது. அட்மிரல் அந்த ஒரு தடிப்பைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்ததும் முதலாளி கூட்டம் போட்டார். முகம் வெயிலில் கறுத்து, பெருமையில் மின்னியது.

"ஒரு சொட்டுச் சேறு இல்ல," என்றார். "நம்ம கஸ்டமர் எல்லாம் சேறு சேறுன்னு கத்துவாங்க. எங்களுக்கு எங்கயுமே இல்ல. ஏன்னு அங்க போனப்பதான் தெரிஞ்சுது. நம்ம துறைமுகத்துக்கும் அந்தத் தீவுங்களுக்கும் தண்ணி நேர்மாறு. இங்க ஏறினா அங்க வத்துது. இங்க வத்தினா அங்க ஏறுது. நாம இத்தனை வருஷமா இங்கத்து அட்டவணையைப் பார்த்து அங்க படகு விட்டுட்டிருக்கோம்."

அட்மிரல் சுவரைப் பார்த்தார். அட்டவணையின் தலைப்பில் 'துறைமுகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தினமும் பார்த்ததுதான். ஆக, இத்தனை காலம் அவர் அன்போடு அனுப்பியவர்களெல்லாம் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒருவனை வஞ்சத்தோடு அனுப்பினார். அவன் பட்டுப்போல இறங்கியிருக்கிறான்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார் முதலாளி.

மாப்பிள்ளைக்கு எதுவும் தோன்றியிருக்கவில்லை. ஆனால் தோன்றாததற்காக வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. "எல்லாரும் ஒரு மாதிரி போடறாங்க மாமா. நாம தலைகீழாப் போட்டுப் பார்த்தா என்னன்னு நினைச்சேன்."

கைதட்டல்.

அட்மிரலின் வாய் திறந்தது. அந்தத் திட்டம் என்னுடையது, ஒவ்வொரு நிமிடமும் நான் போட்டது என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் முதலாளி அடுத்து என்ன கேட்பார் என்பதும் அந்த நொடியே தெரிந்தது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து எங்களை எதற்காக அனுப்பினாய்? தீவில் ஏறியிருக்கும் என்று தெரிந்துதான் அனுப்பினேன் என்று புளுகலாம். அப்படியானால் இவ்வளவு வருஷம் மற்றவர்களை ஏன் சேற்றில் இறக்கினாய்?

இரண்டு பக்கமும் சேறு.

"என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தியே?" என்றார் முதலாளி.

"மாப்பிள்ளைக்கு வாழ்த்துன்னு சொல்ல வந்தேன் சார்."

அந்த வாரமே கண்ணாடி அறையைக் காலி செய்தார்கள். பழைய கணினிகளை அட்மிரலின் மேசைக்கு அடியில் வைத்தார்கள், வேறு இடம் இல்லாததால். மாப்பிள்ளை நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்று அட்மிரலிடமே யோசனை கேட்டார். அட்மிரல் வெயில் அடிக்கும் பக்கத்தைக் காட்டினார். மாப்பிள்ளை திரை வாங்கி மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கதவு திறந்தது. "ப்ரோ, அடுத்து மாமாவோட அண்ணன் தம்பி குடும்பம் மொத்தமும் போகுதாம். பெரிய கும்பல். அதே மாதிரி போட்டுக் குடுத்துடுங்க. பேரு..."

"உங்க பேருதான். தடிமனா," என்றார் அட்மிரல்.

கதவு மூடியது. அட்மிரல் அட்டவணையைப் பார்த்தார். இனி பழையபடி இங்கே தண்ணீர் ஏறும் நேரத்துக்கே படகு போட்டால் சேறு கிடைக்கும். கிடைக்குமா? முதலாளி சொன்னதுதானே. முதலாளி எதைச் சரியாகப் பார்த்திருக்கிறார்? எந்தத் தீவில் எவ்வளவு சேறு, ஷூ மட்டும் போகுமா, பெட்டியும் போகுமா, வழுக்கி விழுகிற இடம் எது, இதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. இன்னொரு முறை தவறினால் அந்த ஆளை இந்தக் கம்பெனிக்கே முதலாளியாக்கிவிடுவார்கள்.

எழுந்து எதிர் மேசைக்குப் போனார்.

"ஞாயித்துக்கிழமை காலை படகு. துறைமுகத்துல தண்ணி வத்துறப்போ அங்க போய்ச் சேரக்கூடாது. ஏறுறப்போ சேரணும். ஒரு டிக்கெட்."

"கஸ்டமர் பேரு?"

அட்மிரல் குரலைத் தாழ்த்தித் தன் பெயரைச் சொன்னார்.

டிக்கெட் அக்கா தலையை நிமிர்த்தவில்லை. பெயரை அடித்தாள். "ஓரத்து சீட்டாப் போடறேன். எட்டி வாந்தி எடுக்க வசதி," என்றாள். கொஞ்சம் கழித்து, "மாத்திரையை ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் மாத்திரை வெளியே வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக் குழந்தை ஆர்வத்தோடு பார்த்தது. அதன் அம்மா ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தாள். அட்மிரல் நன்றி சொன்னார். இன்னொரு பை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் தீவுக்கு வெகு முன்பாகவே படகு நின்றது. பயணிகள் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். எந்த மடையன் இந்த நேரத்துக்கு டிக்கெட் போட்டான் என்று ஒருவர் கேட்டார். அட்மிரல் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் கடைசியாக இறங்கினார். முதல் அடியில் கணுக்கால், இரண்டாம் அடியில் முழங்கால். மூன்றாவதில் செருப்பு போயிற்று.

அவர் அங்கேயே நின்றார். மணியைப் பார்த்தார். பேனாவைப் பல்லால் திறந்து, உள்ளங்கையில் நேரத்தை எழுதிக்கொண்டார்.