டர்பன்டைன் வாடை

இளவரசிக்குச் சம்பளம் அவளுடைய மூக்குக்காகத்தான். ஏற்காட்டில் வெள்ளக்கடைக்குப் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் விஜயகுமார் நடத்திய எண்ணெய்க் கம்பெனியில் அவள் ஆறு வருடமாக வேலை பார்த்தாள். யூகலிப்டஸ், லெமன்கிராஸ், புண்ணுக்குத் தடவும் டீ ட்ரீ என்று வாசனை எண்ணெய்கள் பெரிய கேன்களில் வரும். அவள் முகர்ந்து சரி என்று சொன்ன பிறகுதான் சிறு பாட்டில்களில் அடைத்து ஏற்காட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்கள்.

அந்த மார்ச் மாதம் டீ ட்ரீ ஆயில் வழக்கம்போல அலுமினியக் கேனில் வரவில்லை. நீல பிளாஸ்டிக் டிரம்மில் வந்தது. பிளாஸ்டிக்கையே கெடுக்கும் எண்ணெய் அது. விவரம் தெரிந்தவர்கள் அதில் ஊற்றி அனுப்ப மாட்டார்கள். நல்ல சரக்கு கற்பூரம் மாதிரிச் சில்லென்று ஏறி, கடைசியில் லேசாக ஜாதிக்காய் வாசம் காட்டி அடங்கும். இதுவும் முதலில் கற்பூரம் காட்டியது. ஒரு காகிதத் துண்டில் சொட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி முகர்ந்தாள். பெயின்டர் பிரஷ் கழுவி வைத்த டப்பாவின் வாடை அடித்தது. டர்பன்டைன். அதற்கும் அடியில் கெட்டுப்போன எண்ணெயின் காறல். அது தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது. அவள் வெளியே ஓடிப்போய்த் துப்பினாள். நாலு தடவை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

"ஏனுங்க சார், இது சரியில்லீங்க. டர்பன்டைன் கலந்திருக்குது. மிச்சமும் பழைய சரக்குங்க. மேல பட்டா எரியும்."

விஜயகுமார் சேலத்துக்காரர். யாரையும் ஒருமையில் பேசாதவர். மேஜையில் இருந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"லேப் ரிப்போர்ட் இருக்குதுங்களே. பாருங்க."

பார்த்தாள். முக்கியச் சத்து முப்பத்தெட்டுப் புள்ளி நாலு சதவீதம். அக்டோபரில் வந்த ரிப்போர்ட்டையும் ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எல்லா எண்களும், புள்ளிக்குப் பின்னால் இருந்தவைகூட, அச்சு அசலாக அதேதான். தேதி மட்டும் வேறு.

"ஒரே தோட்டத்துல ரெண்டு தடவை எடுத்தாக்கூட இப்பிடி ஒண்ணாட்டம் வராதுங்க சார்."

"நீங்க நொம்ப யோசிக்கிறீங்க. கஸ்டமருக்கு உங்க மூக்கா இருக்குது?" என்று சிரித்தார்.

மறுநாள் சதீஷ் என்பவன் கேமராவோடு வந்தான். கம்பெனிக்கு விளம்பர வீடியோ எடுப்பவன். தரப் பரிசோதனை என்று காட்ட வேண்டுமாம். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார்கள். காய்ந்ததும் எண்ணெய்க் கறை இல்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் ஒரு சொட்டு. மிதந்தது. "பாத்தீங்களா, சுத்தமான டீ ட்ரீ ஆயில்!" என்றான் சதீஷ். டர்பன்டைனும் கறை விடாது, டர்பன்டைனும் மிதக்கும் என்பது இளவரசிக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் கலந்திருந்தால்தான் அந்தக் காகிதம் காட்டிக் கொடுத்திருக்கும்.

"அக்கா, இப்ப நீங்க மோந்து பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க. அவ்ளோதான்."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனாள். சிரித்தாள். அவள் ஊரான கிளியூரிலிருந்து நடந்து போய்வரும் தூரத்தில் வேறு வேலை இல்லை. அந்த நிமிடத்தில் நினைத்தது அவ்வளவுதான். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பழம் விற்கும் ராசம்மாள் அவளைக் கூப்பிட்டாள். கரடியூர்க்காரி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது காலில் துணி சுற்றியிருந்தாள்.

"கண்ணு, உன்ற எண்ணெய்தான் போட்டேன். மழையில நின்னு நின்னு வெரலிடுக்குல சேத்துப்புண்ணு. எம்பையன் போன்ல நீ மோந்து பாத்துச் சிரிக்கிறதைப் பாத்தேன். நம்ம இளவரசி சொன்னா நல்லாத்தான் இருக்கும்னு வாங்கிட்டேன்."

துணியை அவிழ்த்துக் காட்டினாள். விரல்களுக்கு மேலே தோல் வெந்த மாதிரி உரிந்து, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. புண்ணின் வாடையோடு அந்தப் பெயின்ட் டப்பா வாடையும் எழுந்தது.

"தேங்காண்ணெயில கலக்காமப் போட்டீங்களாக்கா?"

"நேராத் தடவலாம்னு பாட்டில்லயே போட்டிருக்குதே. எம்பையன் படிச்சுச் சொன்னான். நான்தான் எதோ தப்பாப் போட்டுட்டனாட்ட இருக்குது."

தப்பு தன்னுடையது என்று அவள் சொன்னதுதான் இளவரசிக்குத் தாங்கவில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் புண்ணைக் கழுவும்போது ராசம்மாள் இளவரசியின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போய் விஜயகுமாரிடம் நடந்ததைச் சொன்னாள். கடைகளிலிருந்து சரக்கைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, கறுப்புக் கண்ணாடியில் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார்.

"அந்தம்மாவுக்கு இதைக் குடுங்க. ஒரிஜினலுங்க, ஆஸ்திரேலியாச் சரக்கு. நம்ம ஊட்டுல பாப்பாவுக்கு இதுதான் போடறோம்."

இளவரசி மூடியைத் திறந்தாள். கற்பூரம், பச்சை இலை, கடைசியில் மெல்லிசாக ஜாதிக்காய். ஆறு வருடத்தில் இவ்வளவு நல்ல எண்ணெயை அவள் முகர்ந்ததில்லை. அந்த நல்ல வாசத்தில்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டர்பன்டைன்கூட அவளை அப்படிச் செய்யவில்லை. எது நல்லது என்று தெரியாமல் இந்த ஆள் மோசம் பண்ணவில்லை. நன்றாகத் தெரிந்து, நல்லதைத் தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

"அப்ப உங்களுக்கும் மூக்கு இருக்குதுங்க" என்றாள்.

"கோவப்படாதீங்க. அடுத்த மாசத்துல இருந்து நீங்கதான் குவாலிட்டி மேனேஜர். ரிப்போர்ட்ல உங்க கையெழுத்தே போட்டுடலாம்."

அவள் பாட்டிலை மூடி மேஜையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். அவர் தொட்ட பாட்டிலைத் தொட்ட கை என்பதால் திரும்பவும் துடைத்தாள். "எனக்கு அருவருப்பா இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அப்புறம் அங்கே போகவில்லை.

முன்பே எடுத்து வைத்திருந்த இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகலோடும் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத மூன்று பாட்டில்களோடும் சேலத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்தாள். விளம்பரத்தில் சிரித்தது நான்தான், தெரிந்தேதான் சிரித்தேன் என்றும் அதில் எழுதினாள். அதிகாரிகள் வருவதற்குள் சரக்கு விற்றுப்போய்விடும் என்று பயந்து, ஏரிக்கரைக் கடைகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தாள். கடைக்காரர்களின் கையிலேயே காகிதத்தைக் கொடுத்து, ஒரு சொட்டு விடச் சொல்லி, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து முகரச் சொன்னாள். மூன்று பேர் முகம் சுளித்துப் பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்தார்கள். ஒருவர் மட்டும், "பெங்களூருல இருந்து டூர் வர்றவங்க ஊருக்குப் போயி எரிஞ்சா நம்மகிட்டயா வரப்போறாங்க?" என்று கேட்டார். அவள் இறங்கி அடுத்த கடைக்கு நடந்தாள்.

பத்து நாளில் அதிகாரிகள் வந்து டிரம்மில் மாதிரி எடுத்தார்கள். பரிசோதனையில் தேறவில்லை. கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். விஜயகுமார் சேலத்துக்கே போய்விட்டார். வேறு பெயரில் ஆரம்பிக்கப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

ராசம்மாளின் கால் ஆற ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை இளவரசி கட்டுப் போட அழைத்துப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டைப் பிரித்த அன்று, பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். டிரம் வந்த நாளிலேயே தெரியும் என்றாள்.

ராசம்மாளுக்கு முதலில் புரியவில்லை.

"கெட்டதுன்னு தெரிஞ்சேதான் சிரிச்சியா?"

"ஆமாங்கக்கா."

ராசம்மாள் அவளையே பார்த்தாள். கெட்ட வாடை பட்ட மாதிரி முகம் சுருங்கியது. நீட்டியிருந்த காலை மெதுவாக இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போ. யாவாரத்தைப் பாக்கோணும்."

கண்ணு என்று சொல்லவில்லை. இளவரசி எழுந்தாள். சேலம் பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராசம்மாள் அவர்களைப் பார்த்துப் பழம் விலை சொல்லிக் கூவ ஆரம்பித்தாள்.