தாழ்ப்பாள் பக்கம்

திரையில் தாழ்ப்பாள் விழுந்ததும் ஆர்லீன் எழுந்து நின்று கை தட்டினாள். அவளோடு இடது பக்கத்து நாற்காலிகள் மொத்தமும் எழுந்தன. காலால் தரையை உதைத்தார்கள், விசில் அடித்தார்கள். நடுவழிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விடுவார்களா? "ஊ... ஊ..." என்று கூச்சல் போட்டார்கள். "கதவத் திறடா பாவி! உன் தம்பிடா அது!" என்று ஒரு பெண்குரல் அலறியது.

ஆர்லீன் பொட்டலத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி சோளப்பொரியை அள்ளி, நடுவழியைத் தாண்டி அப்பாவின் மேல் வீசினாள்.

"கட்சி மாறினீங்கல்ல, வாங்கிக்குங்க!"

பொரி அவர் தோளிலும் சட்டைக் காலரிலும், மடியில் வைத்திருந்த தொப்பியிலும் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிழவருக்குக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு அவள் சிரித்தபடி உட்கார்ந்தாள்.

கார்வி ஊர்க்காரர்களுக்கு அது சொந்தப் படம் மாதிரி. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஹாலிவுட்டிலிருந்து வந்து, ஊருக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் எடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் அதில் முகம் காட்டியிருக்கிறார்கள். அப்பா ஆஸ்மண்ட் ஹாகனும் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடி நிற்பார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாவட்டச் சந்தை நடக்கிற சனிக்கிழமை மத்தியானம் ஊர்த் தியேட்டரில் அந்தப் படத்தைப் போடுவார்கள். மூன்று விநாடி வந்ததும் "அதோ ஆஸ்மண்ட்!" என்று கூட்டமே கத்தும். அன்றைக்கும் கத்தியது. அப்பாவும் வழக்கம்போல் கையைத் தூக்கிக் காட்டினார். அதை ஆர்லீன் தன் கண்ணால் பார்த்தாள்.

படத்தின் கதாநாயகன் ஒரு பண்ணைக்காரன். மாடு திருடுகிற கும்பலைத் தனி ஆளாகத் துரத்துவான், பொய் சொல்ல மாட்டான், பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவனுடைய சொந்தத் தம்பியே அந்தக் கும்பலில் சேர்ந்துவிடுவான். குண்டடி பட்டு, பனிப்புயலில் நடந்துவந்து, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவான். அண்ணன் எழுந்து வருவான். கதவில் கை வைப்பான். திறக்க மாட்டான், தாழ்ப்பாளைப் போடுவான். காலையில் கதவைத் திறந்து, வாசலில் விறைத்துக் கிடக்கிற தம்பி முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். அத்தோடு படம் முடிந்துவிடும்.

வெளியூர்க்காரர்கள் என்றால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். கார்விக்காரர்களால் அது முடியவில்லை. முதல் வருஷமே அடிதடி ஆகிவிட்டது. அதிலிருந்து, அவன் செய்தது நியாயம் என்பவர்கள் இடது பக்கம், அநியாயம் என்பவர்கள் வலது பக்கம் என்று ஆகிப்போனது. தாழ்ப்பாள் பக்கம், கதவுப் பக்கம் என்று அதற்குப் பெயர். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஒரே வண்டியில் வந்து ஆளுக்கொரு பக்கம் போவார்கள். புதிதாக வந்த பாதிரியார் எந்தப் பக்கம் உட்காருவார் என்று ஊரே பார்த்தது. மனுஷன் கடைசிவரை பின்னாலேயே நின்றுகொண்டு தப்பித்துவிட்டார்.

அப்பா எப்போதும் தாழ்ப்பாள் பக்கம்தான். இந்த வருஷம்தான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வலது பக்கம் போய், எப்போதும் அங்கேயே உட்காருகிற மாவிஸ் க்ரேக் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கம் முழுக்க "ஓஹோ!" என்றது. ஆர்லீனுக்கு முகம் சிவந்துபோனது. விளையாட்டுக்குத்தான் செய்கிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இப்போது அந்த வலது பக்கத்திலிருந்துதான் மாவிஸின் கை உயர்ந்தது.

"லைட்டப் போடுங்க! யாராவது லைட்டப் போடுங்க!"

விளக்கு எரிந்தபோதும் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளிச்சத்தில் திரை வெளிறித் தெரிந்தது. அப்பா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் நடுவழிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"அப்பா, எந்திரிங்க" என்றாள் ஆர்லீன். தன் குரலில் இருந்த அதட்டல் அவளுக்கே கேட்டது. "அப்பா! என்ன விளையாட்டு இது?"

யாரோ அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். மருந்துக்கடைக்காரர் குனிந்து நாடி பார்த்தார், நெஞ்சில் காது வைத்தார். அப்புறம் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார், ஆர்லீனை மட்டும் பார்க்கவில்லை.

அவள் அப்பாவின் காலரிலிருந்து பொரியை எடுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இன்னொன்று. காதுக்குப் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியின் விளிம்பில் ஏழெட்டு. எடுத்ததையெல்லாம் எங்கே போடுவது என்று தெரியாமல் இடது கையில் பொத்தி வைத்துக்கொண்டாள். வெண்ணெய் கசிந்து விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுத்தது. ஐயோ, இந்தக் கையால்தானே எறிந்தேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

மரண விசாரணை அதிகாரி சந்தையிலிருந்து வரவேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். கூட்டம் முன்கூடத்துக்கு நகர்ந்தது. அப்புறம் பழக்கம் விடுமா?

"நான் இன்னைக்கும் சொல்றேன், சட்டம்னா தம்பிக்கும் ஒண்ணுதான்" என்றது ஓர் ஆண்குரல், தணிந்து.

"போய்யா நீயும் உன் சட்டமும். உள்ள ஒரு மனுஷன் செத்து உக்காந்திருக்காரு."

"அதுக்குச் சொல்லல நான்..."

"வாய மூடு, ஆர்லீன் நிக்குது."

ஆர்லீன் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாவிஸ் வந்து அவள் முழங்கையைப் பிடித்து, டிக்கெட் கொடுக்கிற சின்ன அறைக்குள் அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். மாவிஸுக்கு அறுபத்தைந்து வயது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஆர்லீனின் தம்பி ராய்ஸ் குடித்துவிட்டு ஓட்டிய வண்டியில் மாவிஸின் ஒரே மகன் லைல் இருந்தான். பத்தொன்பது வயசு. வண்டி பாலத்திலிருந்து விழுந்தது. ராய்ஸ் பிழைத்தான், மூன்று வருஷம் உள்ளே இருந்தான். வெளியே விட்ட அன்றைக்கு, யாராவது வந்து கூட்டிப்போக முடியுமா என்று வீட்டுக்குப் போன் செய்தான். அப்பா அவன் குரலைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் போனை வைத்தார். "சரியாத்தான் செஞ்சீங்க அப்பா" என்று பக்கத்தில் நின்ற ஆர்லீன் சொன்னாள். அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த வீட்டில் ராய்ஸ் என்ற பேச்சே இல்லை.

"எப்போ போனாரு?" என்று கேட்டாள் ஆர்லீன். "நான் கை தட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"தெரியலம்மா."

"பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? எப்படித் தெரியாம போகும்?"

"நானும் கத்திக்கிட்டு இருந்தேன் கண்ணு. கதவத் திறடான்னு கத்தினது நான்தான். திரும்பிப் பாத்தப்போ இப்படி இருந்தாரு."

ஆர்லீன் பொத்திய கையைப் பார்த்தாள். மாவிஸ் அந்த விரல்களைப் பிரித்து, பொரியைக் குப்பைக்கூடையில் தட்டி, தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்பவே சொல்லியாகணும், நேரம் இல்ல" என்றாள். "ராய்ஸ் வந்துட்டிருக்கான்."

"யாரு?"

"உன் தம்பி. வியாழக்கிழமை அப்பா போன் பண்ணி வரச் சொல்லியிருக்காரு. ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு. பில்லிங்ஸ்லேருந்து கிளம்பியிருப்பான், நடுவழியில எங்க போய்ச் சொல்றது?"

"பொய். உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் அப்பா அவன ஒதுக்கி வச்சாரு. உங்களுக்காகத்தான் நாங்க..."

"எனக்காக!" மாவிஸ் வெடுக்கென்று சொன்னாள். "நான் கேட்டேனா? என் பிள்ளை பேரச் சொல்லிப் பதினோரு வருஷம் ஒரு பையன வெளிய நிறுத்தி வச்சீங்க. நான் வருஷா வருஷம் எந்தப் பக்கம் உக்காந்தேன்? ஊரே பாத்துச்சு, நீங்க ரெண்டு பேரும் பாக்கல. போன மாசம் உங்க அப்பாவ வழி மறிச்சுக் கேட்டேன். யோவ் ஆஸ்மண்ட், உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதான்னு. பச்சைப்பிள்ளை மாதிரி அழுதாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

மாவிஸ் கைக்குட்டையை நான்காக மடித்தாள்.

"பயம்" என்றாள். "உனக்குப் பயந்துட்டாரு. படம் முடியட்டும், வெளிய வந்ததும் சொல்லிடறேன்னாரு. உன் பக்கத்துல உக்காந்தா வாய் வராதுன்னுதான் என் பக்கத்துல வந்தாரு. படம் ஓடுறப்ப திரையையே பாக்கல. உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு, நீ என்ன பண்றேன்னு."

அப்பா தனக்குப் பயப்படுவதா? ஆறடி ஆஸ்மண்ட் ஹாகன், மிரண்டு ஓடும் குதிரையை வெறும் கையால் நிறுத்துகிறவர், மகள் சத்தம் போடுவாளே என்று பயந்து நடுவழிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்வதா? அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அம்மா போன பிறகு இருபது வருஷமாக அவருக்குச் சமைத்துப் போட்டவள், துவைத்துப் போட்டவள். தான் அவருக்குத் துணை என்றே நினைத்திருந்தாள். தாழ்ப்பாள் தான்தான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

"நான் கூட வரட்டுமா?" என்றாள் மாவிஸ்.

"வேணாம். நீங்க அப்பாகிட்ட இருங்க. தனியா விட்டுறாதீங்க."

வீட்டுக்கு வண்டி ஓட்டிப்போனது அவளுக்கு ஞாபகமே இல்லை. முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்தேகால். அதற்குள் சாவு வீட்டுக்கென்று சமையலறை மேஜையில் மூன்று மூடிய பாத்திரங்கள் வந்திருந்தன. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்தது ஒன்று, ஆப்பிள் இனிப்பு ஒன்று, மூன்றாவதை அவள் திறக்கவில்லை. பாத்திரங்களின் அடியில் கொடுத்தவர்கள் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. எப்போது வந்து வைத்தார்கள் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

கழுவுகிற தொட்டியில் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்று பனி உருகிக் கிடந்தது. அப்பா காலையில் எடுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பேருக்கு அது எந்தக் காலத்திலும் அதிகம். அவள் அதை உப்புத் தடவி அடுப்பில் வைத்தாள். ஏன் வைக்கிறோம் என்று தெரியாது, கை அதுபாட்டுக்குச் செய்தது. வெங்காயம் நறுக்கும்போதாவது கண்ணில் தண்ணீர் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பழைய பச்சை நிற வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு முற்றத்துக்குள் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராய்ஸ் இறங்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படித்தான், வீட்டுக்காரர் வெளியே வந்து படியில் நிற்கும்வரை யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். பிறந்து வளர்ந்த வீட்டுக்கும் அந்த மரியாதை உண்டு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

ஆர்லீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கடையில் மடித்த மடிப்புக்கூட இன்னும் போகவில்லை. அவன் வீட்டைப் பார்க்கவில்லை. கீழே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வயலில் மூன்று டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா அறுத்துப் போட்டுக் காய வைத்திருந்த தீவனப் புல்லை அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தியேட்டரிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். சந்தைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. இடது பக்கத்துக்காரன் கட்டுகிறான், வலது பக்கத்துக்காரன் அடுக்குகிறான். யாரும் சொல்லி வந்தவர்கள் இல்லை. அந்த ஊரில் ஒருத்தன் வயலில் அடுத்தவர்கள் இப்படிக் கேட்காமல் இறங்கினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ராய்ஸ் அங்கே பிறந்தவன். அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் கை கியர்க் கம்பிக்குப் போனது. வண்டி பின்னால் ஒரு முழம் நகர்ந்தது.

ஆர்லீன் படியில் இறங்கி ஓடினாள். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்றோ. மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் முன் கண்ணாடியையே பார்த்தார்கள்.

"எப்போ?" என்றான் ராய்ஸ்.

"மத்தியானம். தியேட்டர்ல. படம் ஓடிட்டிருக்கும்போது."

அவன் தலையை ஆட்டினான்.

"நான் கிளம்பிடறேன். அவர் கூப்பிட்டாருன்னுதான் வந்தேன். உனக்கும் மாவிஸுக்கும் சங்கடம் வேணாம்."

ஆர்லீனுக்கு எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது, அதில் எது முதல் என்று தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் அவன், வயலைப் பார்த்தபடியே. "எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?"

"மாவிஸ் பக்கத்துல" என்றாள்.

ராய்ஸ் நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டான். புதுச்சட்டை முதுகில் இறுகி, மடிப்பெல்லாம் குலுங்கியது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்லீன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அதை அணைத்தாள். அடுப்பில் இறைச்சி வேகிற வாசனை முற்றம் வரை வந்தது.