நிறுத்தச் சொல்ல மறந்த சண்டை

"பாதியிலேயே எழுந்து வந்துட்டியே, அப்படி என்ன அவசரம்?"

"அதெல்லாம் ஒரு படமா? மூணு மணி நேரக் கூச்சல். பேப்பர்ல அத்தனை பேரும் காறித் துப்பியிருக்காங்க."

"பேப்பர்காரனுக்காகவா வந்த? சண்டை வரப்போகுதுன்னுதானே?"

"டிம்ப்னா, என் தாடை உடையறதை டிக்கெட் வாங்கி வேற பார்க்கணுமா? பட்டது போதும். வண்டியை எடு."

கல்யாணமான புதிதில், அயர்லாந்தின் எனிஸ் நகரத் திரையரங்கு வாசலில், மழையில் நின்று நானும் என் கணவன் ஃபின்டனும் பேசியது இது. என் அண்ணன் மலகியை வீட்டுக்கு அழைக்கலாமா என்று அன்று கேட்க இருந்தேன். ஃபின்டன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. பிறகும் எத்தனையோ முறை தொண்டைவரை வந்து திரும்பிய கேள்வி அது.

'இரும்புக் கரை' உலகமெங்கும் வசூலை அள்ளிய படம்; விமர்சகர்களிடம் செருப்படி வாங்கிய படமும்கூட. வடகடல் கொள்ளையரான வைக்கிங்குகள் அயர்லாந்துக்குப் படையெடுத்து வரும் கதை. போர்க்காட்சியை எங்கள் கடற்கரையில்தான் எடுத்தார்கள். கூட்டத்தில் நடிக்க எங்கள் ஊர் கில்வாராவிலிருந்தும் பக்கத்து ஊர் டுனோரிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார்கள். ஆட்களைப் பிரிக்க டப்ளினிலிருந்து வந்த பெண், ஊருக்கு ஒரு பேருந்து என்ற வசதிக்காக, கில்வாராக்காரர்களை மொத்தமாக வைக்கிங்குகள் ஆக்கினாள். டுனோர்காரர்களை ஐரிஷ் படை ஆக்கினாள். எங்கள் பக்கத்துச் சின்னக் குழந்தையைக் கேட்டிருந்தால்கூடத் தடுத்திருக்கும். முந்தின ஞாயிறுதான், மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் இறுதி ஆட்டத்தில் டுனோர் எங்களை ஒரே ஒரு புள்ளியில் வென்றிருந்தது. கடைசிப் புள்ளிக்கு அடித்த அந்தப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது என்று கில்வாரா இன்றும் சத்தியம் செய்யும்.

நான் கில்வாராப் பெண். மலகி எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரன். அந்தப் புள்ளியை அடித்தவன் ஃபின்டன். அவன் போட்ட மோதிரம் என் விரலில் இருந்தது.

வாள்கள் ரப்பர். கேடயங்கள் மட்டும் நல்ல மரம்.

மலகியின் கேடய விளிம்பு ஃபின்டனின் தாடையை உடைத்தது. "விழுந்தவன் முதுகுல ஏறி உட்கார்ந்து குத்தினான்டி உங்க அண்ணன்" என்பான் ஃபின்டன். "மண்ணுல முகம் புதைஞ்சு கிடந்தேன். ஒவ்வொரு குத்தும் நெஞ்சு வரைக்கும் இறங்குச்சு." கம்பி கட்டிய பற்களுக்கு நடுவேதான் தேவாலயத்தில் எனக்குச் சம்மதம் சொன்னான். மலகி கல்யாணத்துக்கு வரவில்லை. டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டான் என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து அவன் நடை கோணல். "ஃபின்டனை அடிச்சியா?" என்று கேட்டபோது, "அடிச்சேன்" என்றான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மீந்த பன்றிக்கறியை ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஓர்லா டி.வி.யில் அந்தப் படத்தை வைத்தாள்.

"மாத்துடி அதை" என்றான் ஃபின்டன்.

"போப்பா. உன் தாடை உடையறதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அம்மா, ரிமோட்டைக் குடுக்காதே!"

நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வசனம் அசடு வழிந்தது. கதாநாயகன் வெட்டுப்பட்ட பிறகும் தலைவாரி வந்தவன் போல நின்றான். பிறகு போர் வந்தது. குன்றின் மேலிருந்து கேமராவின் ஒரே பார்வை. வெட்டே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். இயக்குநர் தூங்கிவிட்டார், நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார், கூட்டத்துக்கு நடிக்கத் தெரியவில்லை என்றெல்லாம் எழுதினார்கள். அங்கே யார் நடித்தார்கள்? இரண்டு ஊர்கள் ஒன்றின்மேல் ஒன்று போய் இடித்தன. ஒருவன் மூக்கு நசுங்கி மண்டியிட்டான். வாளை எறிந்துவிட்டு எதிராளியின் காதைக் கடித்தான் இன்னொருவன். யாரோ பல்லைத் துப்ப, அலை அதை அள்ளிப் போனது. நுரை சிவந்தது. ஓர்லாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதோ நான்" என்றான் ஃபின்டன், மெதுவாக.

மலகியின் கேடயம் சுழன்று வந்தது. ஃபின்டன் குப்புற விழுந்தான். மலகி மறுபடி ஓங்கினான்.

அப்போது கரையோரமாக, ஏறியிருந்தவர்களை உதறிவிட்டு, மிரண்ட இரண்டு குதிரைகள் ஓடி வந்தன. மலகி நிமிர்ந்து பார்த்தான். கேடயத்தை எறிந்துவிட்டு ஃபின்டன் மேல் விழுந்து மூடிக்கொண்டான். முதல் குளம்பு அவன் இடுப்பில் இறங்கியது. அடுத்தது முதுகில். உடல் துள்ளி அடங்கியது. கை மட்டும் ஃபின்டனின் தலையை விடவில்லை. குதிரைகள் போனபின் எழ முயன்றான். கால் வரவில்லை. முழங்கையால் ஊர்ந்து, ஃபின்டனின் கழுத்துப்பட்டியைப் பிடித்து, தண்ணீர் ஏறாத மணலுக்கு இழுத்துப் போனான்.

வேறு எந்த இயக்குநரும் அதற்குள் கதாநாயகன் முகத்துக்குத் தாவியிருப்பார். இந்த மனிதர் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை நான் அன்றுதான் மதித்தேன்.

"திரும்பப் போடு" என்றான் ஃபின்டன்.

ஓர்லா போட்டாள். பார்த்தான்.

"மாமா டிராக்டர்ல இருந்துல்ல விழுந்தாருன்னு சொன்னீங்க?" என்றாள்.

ஃபின்டன் தாடையைத் தொட்டான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"முட்டாப்பய" என்றான். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உன்னை அடிச்சதும் அவன்தானே. எந்த முகத்தோட சொல்லுவான்?"

ஃபின்டன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பந்து வெளியதான் போச்சு, டிம்ப்னா."

ஓர்லா வாயைப் பிளந்தாள். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஃபின்டன், என் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடு. நம்ம மேசையில உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடட்டும்."