பொத்தானைப் புதைத்த இடம்

பிராணிகள் காப்பகத்தில் அன்று தடுப்பூசி நாள். மடியில் கூடையோடும் கையில் சங்கிலியோடும் உட்கார்ந்திருந்தவர்களால் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஒரு கூடைக்குள்ளிருந்து பூனையொன்று, சொத்தை யாரோ ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. தையல்கார அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். "ஊசிக்கா?" என்று கேட்டவர், அவளிடம் கூடையும் இல்லை, சங்கிலியும் இல்லை என்பதைக் கவனித்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். மகன் தெருமுனையில் காரிலேயே இருந்துவிட்டான். வண்டி நிறுத்த இடமில்லையாம். வாசலுக்கு எதிரே தாராளமாக இடம் கிடந்ததை அவளும் பார்த்தாள்.

அவள் சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களின் பிராணிகளை, அவர்கள் குணமாகி வரும்வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று இவர்கள்தானே வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள்? அதை நம்பித்தான் இடுப்பு ஆபரேஷனுக்குப் போகுமுன் பொத்தானை இங்கே விட்டாள். அவள் கடையின் வெட்டுத்துணிக் குவியலில் எங்கிருந்தோ வந்து படுத்துக்கொண்ட குட்டி அது. கண் இரண்டும் கோட்டில் தைக்கிற கறுப்புப் பொத்தான் மாதிரி. மிஷின் ஓடுகிறவரை அவள் காலடியில் தூங்கும். ஓட்டம் நின்றால் தலையைத் தூக்கி, ஏன் நிறுத்தினாய் என்பதுபோலப் பார்க்கும். புருஷன் போன பிறகு கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாயும் வரும். மருமகள் உண்டானதிலிருந்து அந்த வீட்டில் நாய் முடியைப் பற்றிப் பேச்சு வராத சாப்பாட்டு வேளை இல்லை. "நான் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்டா" என்று ஒருநாள் ஒரே போடாகப் போட்டாள். அதோடு பேச்சு அடங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே மகன் சொன்னான். "ம்மா, பொத்தான் போயிடுச்சும்மா. ஏதோ சீக்காம். அவங்க சரியா கவனிக்கல போலிருக்கு." அவள் வாய் திறக்குமுன் நார் நீக்கிய சுளையொன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவ்வளவு பொறுமையாக அவன் எதையும் உரித்து அவள் பார்த்ததில்லை. துக்கத்தில் அவளுக்கு அப்போது அது பாசமாகத் தெரிந்தது.

இப்போது, வரும் வழியெல்லாம் மனதுக்குள் கூட்டிவைத்த வார்த்தைகளோடு அவள் மேஜை முன்னால் போய் நின்றாள். ஊசி போடுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள்; பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பொத்தானோட அம்மாதானே நீங்க? இடுப்பு தேவலையா? அட, நடந்தே வந்துட்டீங்களே!"

"எங்கம்மா புதைச்சீங்க அதை?"

"எதைம்மா?"

"என் நாயை."

அந்தப் பெண் கையுறையைக் கழற்றினாள். "யார் சொன்னா? நல்லா குண்டுக்கல்லு மாதிரி இருக்கும்மா. போன வாரம்கூட அதைத் தத்தெடுத்த வீட்டுக்காரங்க ஊசிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உங்க பையன்தானே வந்து சொன்னார், அம்மாவால இனிமே வச்சிக்க முடியாது, அவங்களே தத்துக் கொடுத்துடச் சொல்லிட்டாங்கன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொத்தான் எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நொடி அவளுக்கு அது மட்டுமே போதுமானதாக இருந்தது. பிறகுதான் மற்றது மெதுவாக ஏறி வந்தது, மரத்துப்போன காலில் ரத்தம் திரும்புகிற மாதிரி. அவள் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா" என்றாள் அந்தப் பெண். கழற்றிய கையுறையை மேஜைமேல் வீசினாள். "நீங்க சம்மதிக்கலன்னா அது செல்லாது. எங்க மேடம்கிட்ட நான் பேசறேன். அந்த வீட்லயும் நல்ல மனுஷங்க, எடுத்துச் சொன்னா புரிஞ்சிப்பாங்க. வாங்கிடலாம்மா. உங்க பையனைக் கூப்பிடுங்க, நான் கேக்கறேன்."

வாங்கிவிடலாம். வாங்கி, எங்கே கொண்டுபோவது? காலையில் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறவன் அவன். குனிய முடியாத அவள் காலுக்குச் செருப்பை மாட்டிவிடுகிறவன் அவன். வாய்கூசாமல் அம்மாவிடம் பொய் சொன்னவன் என்று அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கை அவள் காலை எப்படித் தொடும்? மருமகள் எந்த முகத்தோடு சோறு போடுவாள்? நாய் திரும்பி வந்தால் நாயாகவா வரும்? வீட்டில் வளைய வருகிற சாட்சியாக அல்லவா வரும்? ஒருமுறை அதை வாயாலேயே கொன்றவன். இன்னொரு முறை அது செத்துப்போக எத்தனை நேரமாகும்?

"வேணாம் கண்ணு" என்றாள். "செத்ததாவே இருக்கட்டும்."

"அம்மா..."

"அங்க அதுக்கு நல்லா இருக்குல்ல?"

"இருக்கும்மா. ரெண்டு பசங்க. தரையில விடறதே இல்ல." அந்தப் பெண் தயங்கினாள். "பேருதான் மாத்திட்டாங்க. இப்ப அதை என்னன்னு..."

"சொல்லாத. அதை மட்டும் சொல்லாத." வாக்கரைத் திருப்பிக்கொண்டாள். "இங்க செத்துப்போறதை எல்லாம் எங்க புதைப்பீங்க?"

பின்பக்கம் கூண்டுகளைத் தாண்டி மதிலோரமாக ஒரு துண்டு நிலம். வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள். சிலவற்றின் தலைமாட்டில் கல். வாக்கரின் கால்கள் மண்ணில் புதைந்ததால் அந்தப் பெண் அவளைத் தோளோடு சேர்த்துத் தாங்கி நடத்தினாள். புதிதாகத் தெரிந்த ஒரு மேட்டின் முன் அவள் நின்றாள்.

"இதுல யாரு?"

"தெருநாய்மா. அடிபட்டு வந்துச்சு. காப்பாத்த முடியல."

"இருக்கட்டும்" என்றாள்.

உள்ளே போனவளைக் காணாமல் மகன் தேடிக்கொண்டு வந்தான். கூண்டுகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஓடிவந்தவன், அவர்கள் இருவரையும் பார்த்ததும் நின்றான். முகம் வெளிறியிருந்தது. அவன் ஊசி போடுகிற பெண்ணைப் பார்த்தான். அவள் மதிலைப் பார்த்தாள்.

"இங்கதான்டா" என்றாள் தையல்கார அம்மா. "இங்கதான் வச்சிருக்காங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம். அதுக்கு விதி அவ்வளவுதான்."

அவன் தோள்கள் இறங்குவதை அவள் கவனித்தாள். பள்ளிக்கூடத்தில் யாரையோ அடித்துவிட்டு வந்து, வீட்டுக்குச் சேதி வரவில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு இப்படித்தான் தோள் இறங்கும்.

"விடும்மா. அழாத" என்றான். அவள் அழவில்லை.

அவன் அந்த மேட்டருகே போய்க் குந்தினான். தலைமாட்டில் சாய்ந்து கிடந்த கல்லை நிமிர்த்தி, அது மறுபடி சாயாதபடி இரண்டு பக்கமும் மண்ணைத் தள்ளி அணைத்துக் கொடுத்தான். எழுந்து கொஞ்ச நேரம் தலைகுனிந்து, கை கட்டி நின்றான். அப்புறம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அந்தக் கையை அவளிடம் நீட்டினான். தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.